மாமாவின் வண்டிக் கதவு

"புடிச்சுப் பாரு அக்கா, கல்லு மாதிரி இருக்கு" என்றான் மொலெஃபி.

நியாகலோ பிரேக் லீவரை இரண்டு விரலால் அழுத்தினாள். பாதியிலேயே இறுகி நின்றது. சமையலறைச் சுவரில் சாய்ந்திருந்த சைக்கிளுக்குக் கீழே பழைய கம்பளி விரித்திருந்தது. கழற்றிப் போட்ட கம்பி பிரேக்குகள் சோளக்கூழ்ச் சட்டியின் மூடிக்குள் கிடந்தன. புதியது ஆயில் பிரேக். மொலெஃபி வழிகாட்டியாக வேலை பார்த்த விடுதிக்கு, சைக்கிளில் மலை இறங்க வந்த வெளிநாட்டுக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது தன் சைக்கிளிலிருந்து கழற்றி மொலெஃபிக்குக் கொடுத்தது. சக்கரத்துக்குத் தகடு மாட்டி, ஆயில் குழாயை அளந்து வெட்டி, எல்லாவற்றையும் அக்காவும் தம்பியும் சேர்ந்தே செய்தார்கள். ஆயில் ஒன்றுதான் இல்லாமல் இருந்தது. இந்த பிரேக்குக்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும், வேறு எது பட்டாலும் உள்ளே ரப்பர் ஊதிப்போகும் என்று நியாகலோ படித்துச் சொல்லியிருந்தாள். தலைநகர் மசெருவில் சொல்லி வைத்திருந்தாள், வர நாளாகும்.

"ஆயில் எங்கடா கிடைச்சுது?"

"கிடைச்சுது."

"யாரு குடுத்தா?"

"நீ போலீஸ்ல சேந்திருக்கணும். பாவம், ஆஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு இருக்க."

விடுதியில் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். அவன் கைகழுவாமல் கூழை எடுத்ததற்கு முதுகில் ஒன்று வைத்தாள்.

நாலு நாள் பிரேக் நன்றாகப் பிடித்தது. அதற்கடுத்த நாள், விருந்தாளிகளைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு முன்னால் இறங்கியவன், பள்ளத்தாக்கு ஓரத்து வளைவில் திரும்பவில்லை. விடுதிக்காரர்கள் அவன் உடலைக் கொண்டுவந்த அதே வண்டியில் சைக்கிளையும் ஏற்றி வந்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள்.

அடக்க விருந்துக்கு அறுக்க மாட்டைக் கொண்டுவந்தது தாய்மாமன் லெபோனா. மசெருவுக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். வந்தவர்களுக்கெல்லாம் அவர்தான் வாசலில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பிரேக்கே புடிக்காம விட்டிருக்கான். குடிச்சிருந்தானோ என்னவோ. இந்தக் காலத்துப் பசங்களுக்கு எல்லாமே விளையாட்டு."

"அவன் குடிக்கமாட்டான் மாமா" என்றாள் நியாகலோ.

"உன்கிட்ட சொல்லிட்டா குடிப்பான்?"

யாரோ சிரிப்பை அடக்கினார்கள். வண்டி ஓட்டுகிறவரிடம் கார் பிரேக் ஆயில் எப்போதும் இருக்கும் என்பது நியாகலோவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீங்க அவனுக்கு ஆயில் எதுவும் குடுத்தீங்களா?"

"நானா? அவன் சைக்கிளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? எங்கிட்ட அவன் ஒண்ணும் கேக்கவும் இல்ல, நான் குடுக்கவும் இல்ல."

உள்ளே அம்மா மெத்தையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தாள். நியாகலோ பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"பிரேக் மாட்டின அந்த வாரம் மாமா இங்க வந்தாரா?"

அம்மா அடுப்பைப் பார்த்தாள்.

"கையில பாட்டில் கொண்டுவந்தாரா அம்மா?"

"வெளிய அறுத்துக்கிட்டு இருக்கிற மாடு அவன் கொண்டுவந்தது" என்றாள் அம்மா. பிறகு கம்பளியை வாய்வரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

அடக்கத்தன்று காலை, பெண்கள் பெரிய பானைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, நியாகலோ சைக்கிள் கிடந்த கொட்டகைக்குப் போனாள். ஆலன் சாவியால் லீவர் மூடியைத் திறந்தாள். உள்ளே ரப்பர் உப்பிக் கோணியிருந்தது. பழைய ரப்பரும் அப்படி ஆகலாம். ஆயிலை ஊசிக்குழலில் உறிஞ்சி வெளிச்சத்தில் பிடித்தாள். அழுக்கு கலந்து கறுப்பாக இருந்தது. நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கொட்டகைக்கு வெளியே மாமாவின் வெள்ளை மினிபஸ் நின்றது. போன மாதம்தான் புதிதாகப் பெயிண்ட் அடித்தது. மினரல் ஆயில் என்றால் துடைத்தால் போய்விடும். கார் பிரேக் ஆயில் என்றால் பெயிண்ட்டை உரித்துவிடும். அவர் சொல்வது உண்மையென்றால் வண்டிக்கு ஒன்றும் ஆகாது.

பக்கக் கதவில், ஏறுகிறவர்கள் கண்ணுக்கு நேராக, ஊசிக்குழலில் இருந்ததைச் சொட்டு விடாமல் ஊற்றினாள்.

கல்லறையில் குடும்பத்தின் சார்பாக மாமாதான் பேசினார். அவசரப்பட்டு வாழ்ந்த பிள்ளை என்றார். தன் உயிரைத் தானே மதிக்காத பிள்ளை என்றார். விடுதியிலிருந்து வந்தவர்கள் தலையாட்டினார்கள். பிறகு ஆண்கள் ஒவ்வொருவராக மண்வெட்டி வாங்கினார்கள். மாமா நிறைய மண் தள்ளினார். நியாகலோ அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகை வரவில்லை. காத்திருந்தாள்.

திரும்பி வந்தவர்களுக்கு வழக்கப்படி வாசலில் கற்றாழை வெட்டிப்போட்ட தண்ணீர் வைத்திருந்தது. எல்லோரும் கைகழுவிக்கொண்டிருந்தபோது இன்னொரு மினிபஸ் ஓட்டுநர் கூப்பிட்டார்.

"லெபோனா, இங்க வா! உன் வண்டிக்கு அம்மை போட்டிருக்கு!"

மாமா ஓடினார். கதவில் பெயிண்ட் சுருங்கி, தோல் போலத் தொங்கியது. விரலால் தொட்டார். முகர்ந்தார்.

"எந்த நாயிடா என் வண்டி மேல பிரேக் ஆயில் ஊத்துனது?"

"பிரேக் ஆயில்னு எப்படித் தெரியும் மாமா?"

"இத்தனை வருசமா வண்டி ஓட்டுறேன், எனக்குத் தெரியாதா? கார் ஆயில்தான் இப்படி உரிக்கும். யாரு? சொல்லு, யாரு?"

"நான்தான்" என்றாள் நியாகலோ. கையில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "மொலெஃபி சைக்கிள்ல இருந்து எடுத்தேன்."

பானை கிளறிய பெண்கள் நிறுத்தினார்கள். விடுதிக்காரர் ஒருவர் வண்டிக் கதவைப் பார்த்தார், பிறகு கொட்டகைச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளைப் பார்த்தார். மாமா கதவிலிருந்து கையை எடுத்தார். மெதுவாக, தன் அக்காவை, நியாகலோவின் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"புள்ள வந்து கேட்டுச்சு. வேலைக்குப் போகணும், ஆயில் வர நாளாகும்னுச்சு. ஆயிலு ஆயிலுதானேன்னு... நல்லதுக்குத்தான் கொண்டாந்து குடுத்தேன்."

அம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"கை கழுவிட்டியா லெபோனா?"

"கழுவிட்டேன் அக்கா."

"மறுபடியும் கழுவு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போய்க் குனிந்து கழுவினார். அம்மா உள்ளே போனாள். அன்று அவருக்குத் தட்டு கொண்டுபோய்க் கொடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. அவராகவும் கேட்கவில்லை. மாட்டுக்கறி வாசனை தெருமுனை வரை இருந்தது.

அந்த மினிபஸ் இன்றும் ஓடுகிறது. கதவுக்கு அவர் மறுபடி பெயிண்ட் அடிக்கவில்லை. மழையில் அந்த இடம் துருப்பிடித்து, இப்போது ஓரங்கள் பொரிந்து வருகின்றன. காலையில் அவள் ஆஸ்பத்திரி வேலைக்குப் போகும் நேரத்தில் ஊரிலிருந்து வேறு வண்டிகளும் புறப்படுகின்றன. நியாகலோ அவற்றைப் போகவிட்டுவிட்டு அவருடையதுக்காக நிற்கிறாள். ஓட்டுநரின் கண்ணாடியில் தன் முகம் தெரியும் இருக்கையில் உட்காருகிறாள்.

கதவை அவளே இழுத்துச் சாத்துகிறாள்.