கழுத்து வரை டீசல்

என் கணவர் இனாயத்துக்கு மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் அத்தர் கடை. மூக்கு என்றால் அப்படி ஒரு மூக்கு. குப்பியின் மூடியைத் திறக்குமுன்பே இது வெட்டிவேர், இது தாழம்பூ, இது சுத்தக் கலப்படம் என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கை வைத்துக்கொண்டுதான் மனுஷர் எங்கள் படுக்கையறையில் டீசல் கேன்களை அடுக்கினார் என்றால் யார் நம்புவார்கள்? பக்கத்தில் படுத்திருந்த எனக்கே நம்ப நாளாயிற்று.

எல்லாம் அவருடைய தாய்மாமா குலாம் முகம்மது செய்த வேலை. மதுராந்தகம் பக்கத்தில் கொஞ்சம் நிலத்தையும் ஒரு பவர் டில்லரையும் இவர் பெயருக்கு எழுதிவைத்துவிட்டு அவர் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அதுவரை ரோஜாத் தொட்டிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றாத இவர், ஞாயிற்றுக்கிழமைதோறும் விவசாயி ஆனார். அங்கே டில்லருக்காகக் கொட்டகையில் வாங்கி வைத்த டீசல் ஒரு முறை காணாமல் போனதும், இனி டீசல் நம் கண் முன்னால்தான் இருக்கும் என்று முடிவெடுத்தார். கண் முன்னால் என்றால் என் தலைமாட்டில்.

அத்தரை எப்படி வைப்பாரோ அப்படியே டீசலையும் வைத்தார். வெளிச்சம் படக்கூடாதென்று கறுப்புத் துணி போர்த்தினார். அசையக்கூடாதென்று என்னை அந்த மூலையில் பெருக்கவிடவில்லை. குப்பிக்குள் காற்று நின்றால் சரக்கு செத்துப்போகும் என்பது அவர் தொழிலின் பால பாடம். அதனால் கேனையும் கழுத்து வரை, ஒரு சொட்டுக்கு இடமில்லாமல் நிரப்பி மூடியை முறுக்கினார். இதற்கு மேல் ஊற்றக்கூடாது என்று கேனிலேயே ஒரு கோடு போட்டிருந்தது. கம்பெனிக்காரன் கஞ்சன் என்று சிரித்தார்.

"நாளாக நாளாகத்தான் சகினா சரக்கு பக்குவமாவும். அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது" என்றார். டீசலுக்கு ஏது பக்குவம், அது என்ன பிரியாணியா என்று கேட்டேன். என் துப்பட்டாவிலிருந்து தலையணை வரை லாரி வாசனை. ஒரு கல்யாணத்தில் என் சொந்தத் தங்கச்சி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். இவரிடம் சொன்னால், "எங்க கீது வாசனை? உனக்குப் பிரமை" என்பார். அந்த மூக்கு எங்கே போனதென்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் வாடகைக்குக் குடியிருப்பது பாலு மாமா வீட்டு மாடியில். கீழே மாமா தனியாக இருக்கிறார். மாமி போன பிறகு ஒண்டியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். எங்கள் மகள் சிம்ரா பிறந்ததே இந்த வீட்டில்தான். மயிலாப்பூரில் பாய் குடும்பத்துக்கு வீடு கேட்டு அலைந்தவர்களுக்குத்தான் இந்த மாடியின் அருமை தெரியும். வீடு காலி என்று போர்டு தொங்கும், நம் பெயரைக் கேட்டதும் நேற்றுத்தான் யாரோ முன்பணம் கொடுத்தார்கள் என்பார்கள். இதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

அப்படி இருக்கையில்தான் பக்கத்து வீட்டு ஜொவிட்டா டீச்சர், உங்கள் வீட்டிலிருந்து பெட்ரோல் நெடி வருகிறது என்று மாமாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார். மாமா மாடியேறி வந்து வாசலிலேயே நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். அப்படி ஏதாவது இருந்தா, தப்பா நினைக்காதேங்கோ, நீங்க காலி பண்ணிண்டு வேற ஆம் பாத்துக்கணும்."

அன்றே கேன்களை இழுத்துப்போய், மொட்டைமாடிப் படி முடியும் இடத்தில் தகரக் கூரைக்குக் கீழே வைத்து, பழைய பாயும் தட்டுமுட்டுச் சாமானும் போட்டு மறைத்தோம். ஞாயிறு காலையில் நான் சாம்பிராணி போட்டேன். இவர் கடையில் இருப்பதிலேயே உசத்தியான, அகில் கட்டையில் எடுத்த ஊத் அத்தரை ஜன்னல் திரையெல்லாம் தடவினார். மாமா வந்தார். படி ஏறி, கேன் இருக்கும் இடம் வரை போய், நன்றாக மூச்சை இழுத்தார். ஒன்றுமே வரவில்லையே, டீச்சருக்குத்தான் பிரமை என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

இனாயத்தைக் கையில் பிடிக்க முடியவில்லை. தன் ஊத் டீசலையே ஜெயித்துவிட்டதாகக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். எனக்கோ அந்தப் படியில் கண் எரிந்தது. என் கண் எரியும் இடத்தில் மாமா எப்படிச் சும்மா நின்றார் என்பது புரியவில்லை. ஆனாலும் கேனை மறுபடி படுக்கையறைக்குக் கொண்டுவர விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றேன். அது தகரத்தடியிலேயே கிடந்தது.

கத்திரி வெயில் வந்தது. ஒரு மதியம் இவர் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், மேலே டப்பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் ஒரு கேன் வயிறு உப்பி, மூடி எகிறிக் கிடக்கிறது. சூட்டில் பெருத்த டீசல் உள்ளே இடமில்லாமல் வெளியே வந்து, கேனும் சாய்ந்து, படி படியாக இறங்கி மாமா வீட்டு வாசலுக்கே போய்விட்டது. நான் அடுப்பை அணைத்து மெயின் ஸ்விட்சையும் இறக்கினேன். எதிர் வீட்டில் கட்டடம் கட்டக் கொட்டியிருந்த மணலை அள்ளி அள்ளிப் போட்டேன். இவர் கோணிச்சாக்கோடு முட்டிபோட்டுத் துடைத்தபடி, நல்ல பக்குவத்துக்கு வந்த சரக்கு என்று முனகினார். சாக்கைப் பிடுங்கி ஒன்று போடலாம் போல் இருந்தது.

மாமா கதவைத் திறந்தார். வாசலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். குனிந்து ஒரு விரலைத் தொட்டு மூக்கருகில் கொண்டுபோனார். நான் மனசுக்குள் பீரோவையும் ஃபிரிட்ஜையும் வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"சகினாம்மா, இது டீசல்தானே?"

ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை. அவர் மறுபடி முகர்ந்தார். அப்படியே கதவில் சாய்ந்துகொண்டார். தோள் குலுங்கியது.

"வாசனை வரது" என்றார். "எனக்கு வாசனை வரது."

கொரோனா வந்த வருஷம் போன வாசனை திரும்பவே இல்லையாம். காபியும் வெந்நீரும் அவருக்கு ஒன்றுதானாம். யாரிடமும் சொல்லவில்லை. கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது என்று அடையாறில் இருக்கும் மகனுக்குத் தெரிந்தால், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு கூட்டிப்போய்விடுவானே என்ற பயம். இவ்வளவு நாளும் கீழே ஒருத்தர் எங்களைப் போலவே வீடு போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனாயத்துக்கு வேறு கவலை.

"மாமா, வருஷா வருஷம் தீபாவளிக்கு நான் குடுத்த வெட்டிவேர் அத்தர மோந்துட்டு ஆஹா ஆஹான்னீங்களே?"

"பின்ன என்ன பாய் சொல்றது? உங்க மனசு நோகாதோ?"

டீசல் கொட்டியபோதுகூட அந்த முகம் அப்படி வாடவில்லை. என் வெட்டிவேர் வரவில்லை, பங்க்கில் வாங்கிய டீசல் வருகிறதா என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்காரர் ஆனார். கேன் அத்தனையும் இன்றைக்கே போக வேண்டும் என்றார். நாங்களும்தானே என்று கேட்டேன்.

"நீங்க எங்க போறேள்? எங்காத்துல ஏதாவது எரிஞ்சா எனக்கு யார் வந்து சொல்லுவா?"

சாயங்காலமே லோடு ஆட்டோ வந்தது. இனாயத் கேன்களை ஏற்றுமுன் உள்ளே போய், இருப்பதிலேயே சின்னக் கண்ணாடிக் குப்பியும் சொட்டுக் குழாயும் கொண்டுவந்தார். கொஞ்சம் டீசல் எடுத்து, பஞ்சைத் திரித்து நனைத்து, பெரிய வாடிக்கைக்காரர்களுக்குச் செய்வதுபோல மாமாவின் காது மடலில் செருகிவிட்டார். மாமா கண்ணை மூடி ஆஹா என்றார். இந்த ஆஹா நிஜம் என்று இவருக்கும் தெரிந்தது.

சில வாரம் போயிருக்கும். நான் அடுப்பில் வைத்ததை மறந்து, வெளியூரில் இருக்கும் சிம்ராவோடு போனில் கதையடித்துக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து மாமாவின் குரல் கேட்டது.

"சகினாம்மா, வெங்காயம் தீயறது."

ஓடினேன். சட்டி முழுக்கக் கருகிக் கிடந்தது. "ஆமாம் மாமா, தீஞ்சே போச்சு" என்று ஜன்னலில் தலையை நீட்டிச் சந்தோஷமாகச் சொன்னேன்.