லோஜனுக்குப் போடாத ஊசி

சர்மிளாவுக்கு ஏச்சு வாங்கத்தான் பயம். மலையில் அட்டை கடித்தால்கூட அலட்டிக்கொள்ளாதவள், நாலு பேர் முன்னால் ஒரு சொல் வாங்கினால் குறுகிப்போவாள். மகன் லோஜனுக்கு ஒன்பதாம் மாதம் சின்னமுத்து என்ற தட்டம்மைக்கு ஊசி போட வேண்டிய கிளினிக் நாளில் தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. அடுத்த மாதம் தேயிலைக் கொழுந்து பொங்கி நின்றது, வேலையை விட முடியவில்லை. அதற்கடுத்த மாதம் போனால் மிட்வைஃப் ஜீவராணி மிஸ்ஸி வாங்கு வாங்கென்று வாங்குவார். அதனால் ஒரு பொய் சொன்னாள்.

"ராகலையில எங்கம்மா வீட்டுல இருந்தப்பவே போட்டாச்சு மிஸ்ஸி. கார்டு அங்க இருக்கு."

கார்டு அவளுடைய டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் இருந்தது. மிஸ்ஸி கேட்கும்போதெல்லாம் அடுத்த முறை, அடுத்த முறை என்றே இரண்டு வருடத்தை ஓட்டினாள். தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

இந்த மாசியில் லோஜனுக்குக் காய்ச்சல். மூக்கும் கண்ணும் ஒழுகின. சளித் தடிமன்தானே என்று பாணி மருந்து கொடுத்து, வழக்கம்போல் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள். அங்கே பக்கத்து வீட்டு சுலக்ஷனாவின் கைக்குழந்தை தயானிக்குத் தொட்டில் ஆட்டுவதுதான் அவன் வேலை. ஆட்டுவான், எட்டிப் பார்த்து முத்தம் கொடுப்பான். மூன்றாம் நாள்தான் அவன் காதோரத்தில் சிவப்புத் தடிப்பு எழும்பியது, சின்னமுத்துதான். ஒரு கிழமையில் அவனுக்குச் சுகமாகிவிட்டது.

பிறகு தயானிக்கு வந்தது. ஏழு மாதக் குழந்தை, ஊசிக்கு இன்னும் வயதே வரவில்லை. சுற்றியுள்ள பிள்ளைகள் ஊசி போட்டிருப்பதுதான் அதற்குக் காவல். அந்தக் காவலில் விழுந்த ஓட்டை தன் மகன் என்பது சர்மிளா ஒருத்திக்குத்தான் தெரியும். சளி நெஞ்சில் இறங்கி, பத்து நாள் ஆஸ்பத்திரியில் ஒக்சிசன் வைத்துக் கிடந்தது குழந்தை.

அந்தப் பத்து நாளும் சர்மிளா சோறு கட்டி, டிஃபன் கரியரில் சுலக்ஷனாவுக்குக் கொடுத்தனுப்பினாள். கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்க்க மாட்டாள் என்று அந்த வரிசை வீட்டு லயமே சொன்னது. தோலும் எலும்புமாகக் குழந்தை பிழைத்து வந்தது.

மறுநாள் மிஸ்ஸி ஊசிப் பெட்டியோடு பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். ஊசி விடுபட்ட பிள்ளைகளுக்கும், மூன்று வயதில் இரண்டாவது ஊசி போட வேண்டியவர்களுக்கும் போட வேண்டும். சுலக்ஷனாவின் மூத்த மகளும் அதில் ஒருத்தி. சுலக்ஷனா அவளை இழுத்துத் தன் பின்னால் நிறுத்திக்கொண்டாள்.

"வேணாம் மிஸ்ஸி. ஊசி போட்ட லோஜனுக்கே வந்துச்சே. அப்புறம் எதுக்குப் புள்ளைய குத்திக்கிட்டு?"

"அதானே," என்றார்கள் நாலைந்து தாய்மார். ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். மிஸ்ஸி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

சர்மிளா வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. தன் பொய்யை நம்பி இத்தனை பிள்ளைகளும் ஊசியில்லாமல் திரும்பிப் போகும், அவ்வளவுதான். சர்மிளா முன்னால் வந்தாள்.

"லோஜனுக்கு ஊசி போடல," என்றாள்.

"என்னா சொல்ற?" சுலக்ஷனாவுக்கு விளங்கவில்லை.

"ராகலையில போட்டேன்னு சொன்னது பொய்க்கா. அவன்கிட்டேருந்துதான் பாப்பாவுக்கு வந்துச்சு."

மிஸ்ஸி ஏசவில்லை. இரண்டு வருடமாகப் பயந்துகிடந்த ஏச்சு, இப்போது வந்தால் தேவலை போலிருந்தது. சுலக்ஷனா தோளில் கிடந்த தயானியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பத்து நாளும் சோறு குடுத்துவிட்டியே. அப்பவே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

சுலக்ஷனா மூத்த மகளின் சட்டைக் கையைச் சுருட்டி மிஸ்ஸி முன்னால் நிறுத்தினாள். வாசலைத் தாண்டியவளும் திரும்பி வந்தாள். கடைசியாக லோஜனுக்கும் போட்டார்கள்.

சாயந்தரம் சர்மிளா வீட்டு வாசலில் டிஃபன் கரியர் இருந்தது. அந்த லயத்தில் வாங்கிய பாத்திரத்தை யாரும் வெறுமையாகத் திருப்பித் தருவதில்லை. ஒரு பிடி சீனி, நாலு பச்சை மிளகாய், ஏதாவது போட்டுத்தான் தருவார்கள். சர்மிளா ஒவ்வொரு தட்டாகக் கழற்றிப் பார்த்தாள்.

மூன்றும் நன்றாகக் கழுவித் துடைத்து வெறுமையாக இருந்தன.