முந்நூறு அடி

ஓடுதளத்தை ஒட்டிப் புதிதாக வீடுகள் முளைத்தன. விமானச் சத்தத்தில் காது கிழிகிறது என்று அங்கே குடிவந்தவர்கள் மனு கொடுத்தார்கள். எங்கள் விமானப் பயிற்சிப் பள்ளியின் முதலாளி, என் அக்கா கணவர், மறுநாளே சுவரில் ஒரு தாளை ஒட்டினார்: முந்நூறு அடி ஏறியதும் இன்ஜின் பவரைக் குறைக்க வேண்டும். அதை டைப் அடித்துக் கொடுத்தது அக்கா.

நான் அங்கே பயிற்சியாளர். நேராக அவர் அறைக்குப் போனேன்.

"அத்தான், ஆயிரம் அடி வரைக்கும் முழு பவர் வேணும். உயரம் இருந்தாத்தான் இன்ஜின் நின்னாலும் இறங்க இடம் தேட முடியும். பவரைக் குறைக்கிற நேரத்துலதான் அது மக்கர் பண்ணும்."

"பத்து வருஷமா நிக்காதது இப்ப நிக்கப்போகுதாக்கும்! வீட்டுல பேசற வாயை இங்க காட்டாதே."

நான் குறைக்காமலே பறந்தேன். மூன்றாம் நாள் என்னை ரேடியோ மேசையில் உட்காரவைத்தார்கள். என் விமானம் மீசைக்குப் போனது. மீசை என்று நாங்கள் கூப்பிடும் அவர் எங்களில் மூத்த விமானி. யாரையும் எதிர்த்துப் பேசாதவர். "எனக்கெதுக்கும்மா வம்பு? சொன்னதைச் செஞ்சுட்டுப் போறேன்" என்றார்.

பத்தே நாள். அன்று காலை தனியாகத்தான் ஏறினார். ஜன்னல் வழியே இன்ஜின் சத்தம் தணிவது கேட்டது. இரண்டு முறை இருமியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

"நின்னுடுச்சும்மா" என்றார் ரேடியோவில்.

எதிரே கூரைகள். ஓடுதளத்துக்கே திரும்ப முயன்றார், உயரம் போதவில்லை. விமானம் வேலிக்கு வெளியே விழுந்தது. உயிர் தப்பினார். இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது.

விசாரணைக்கு அதிகாரிகள் வந்தபோது சுவரில் தாள் இல்லை. அப்படி ஒன்று இருந்ததே கிடையாது என்றார் அத்தான். அக்கா தரையைப் பார்த்தபடி, "நான் எதுவும் அடிக்கலை" என்றாள். நான் சொன்னதை, பறக்க விடாத ஆத்திரம் என்று தள்ளிவிட்டார்கள்.

"உங்க அத்தானைக் கம்பி எண்ண வைக்கப் பாக்கறியா?" என்று நடையில் மறித்தாள் அக்கா.

"மீசை இனிமே நடக்கவே மாட்டார், அக்கா."

"அதுக்கு எங்களை என்னடி பண்ணச் சொல்றே?"

விமானியின் தவறு என்று அறிக்கை வந்தது. ஆஸ்பத்திரியில் மீசைக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

"சரியாத்தானே எழுதியிருக்காங்க. குறைச்சது என் கைதானே."

"அத்தான்தான் குறைக்கச் சொன்னார்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

மீசையின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் பொண்ணுக்கு அங்கேயே ஆபீஸ் வேலை போட்டுக் கொடுத்திருக்கார்" என்றார் மீசை. "உங்க அத்தான் நல்ல மனுஷன்மா."

அதற்கப்புறம் நான் அக்கா வீட்டுக்கும் போகவில்லை, மீசையைப் பார்க்கவும் போகவில்லை.