ஒரு ஓட்டு வித்தியாசம்

விடுதியின் இரும்புக் கேட்டை உலுக்கிக்கொண்டு ஒரு ஆள் கத்தியபோது ஜெயசுதா பல் துலக்கிக்கொண்டிருந்தாள். மலைமேல் கரியாலூரில் பனி இன்னும் விலகவில்லை. ஆளின் முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

"ஜெயசுதாக்கா, உங்க அப்பா பூட்டாரு. சீக்கிரம் கெளம்பி வாங்க."

காவலுக்கு நின்றவர்கள் அவனைத் தள்ளிக்கொண்டு போனார்கள். பைக் ஒன்று கிளம்பி வளைவில் இறங்கும் சத்தம் கேட்டது. ஜெயசுதா வாயிலிருந்த நுரையைத் துப்பாமல் அப்படியே நின்றாள்.

தமிழழகன் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். ஜெயசுதாவும் மற்ற ஒன்றியக் கவுன்சிலர்களும் இருக்கும் அணியைக் கட்டிக் காப்பவர் அவர்தான். அவர் மனைவி இலக்கியாதான் அன்றைக்குச் சேர்மன் ஆகப் போகிறவள்.

"நம்பாதம்மா. இது எதிரணிக்காரனுங்க வேல," என்றார். "சின்னக்கண்ணு அண்ணனுக்கு இன்னா பண்ணானுங்க, பாத்த இல்ல? மகனுக்கு ஆக்சிடென்ட்டுன்னு சொல்லி அனுப்புனானுங்க. இவரு அலறி அடிச்சிக்கினு எறங்கப் போனாரு. மகன் வூட்ல உக்காந்து இட்லி துன்னுக்கினு இருந்தான்."

அது உண்மைதான். விடுதியில் எல்லோரும் பார்த்தார்கள். சின்னக்கண்ணு மலையடிவாரம் வரை போய்விட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். இவர்கள் அணிக்கு எதிரணியைவிட ஒரே ஒரு ஓட்டுதான் கூடுதல். ஒருவர் குறைந்தால் சமம், சமமானால் குலுக்கல். அதனால்தான் பதவிப் பிரமாணம் முடிந்த கையோடு அத்தனை பேரையும் வேனில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். போன்களை வாங்கி ஒரு தலையணை உறையில் போட்டு முடிந்து, இலக்கியா தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவ போன் குடுங்கண்ணா. பேசிட்டு குடுத்துட்றேன்."

தமிழழகன் தன் போனை எடுத்து எண்ணைத் தட்டினார். மரத்தடி வரைக்கும் நடந்து போய்த் தாழ்ந்த குரலில் பேசினார். முதுகு மட்டும் தெரிந்தது. ஒரு "சரியா இருக்காரா" என்று கேட்க இவ்வளவு நேரம் எதற்கு என்று ஜெயசுதாவுக்குத் தோன்றியது. திரும்பி வந்தவர், போனை அவள் கையில் கொடுக்காமல் தானே அவள் காதருகே பிடித்தார்.

"இன்னா ஜெயா?" அவள் கணவன் அன்புச்செல்வனின் குரல் கரகரத்தது.

"அப்பா எப்டி இருக்காரு?"

"தூங்கறாரு."

"குடுங்க. ஒரு வார்த்த பேசறேன்."

"தூங்கறவர எப்டி எழுப்பறது? நீ ஓட்டப் போட்டுட்டு வா. மத்ததெல்லாம் அப்பறம்."

அவன் குரலுக்குப் பின்னால், ஒன்றுக்குள் ஒன்று செருகிய பிளாஸ்டிக் நாற்காலிகளை உருவிப் போடும் சத்தம் கேட்டது. யாரோ, "இன்னும் அந்தப் பக்கம் தள்ளிப் போடு," என்றார்கள். டீக்கடையில் நின்று பேசுகிறார் என்று ஜெயசுதா நினைத்துக்கொண்டாள். அந்த நினைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கே இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அப்பா நாராயணசாமிக்கு மூச்சிரைப்பு வந்ததே இந்தத் தேர்தலில்தான். வெட்டு நேரத்தில் கரும்பை ஆள்விட்டுப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மகள் கூடவே வெயிலில் தெருத்தெருவாக நடந்தார். ஒவ்வொரு வாசலிலும் கையெடுத்துக் கும்பிட்டு ஒரே பேச்சுதான் பேசுவார்: "எம் பொண்ணுங்க. ஒரு தடவ குடுத்துப் பாருங்க. சரியில்லன்னா அத ஒண்ணும் சொல்லாதீங்க, என்ன வந்து திட்டுங்க." ஜெயித்த அன்று பட்டாசுப் புகையில் இருமத் தொடங்கியவர் பிறகு நிமிரவே இல்லை. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள். மலைக்கு வரவே ஜெயசுதா தயங்கினாள். "போ. நான் எங்க போய்டப் போறேன்?" என்று அவர்தான் அனுப்பினார்.

வேன் மலை இறங்கியது. வழக்கமாக ஜன்னலோரத்தை யாருக்கும் விடாத இலக்கியா, "நீ இங்க உக்காரு ஜெயா, காத்து வரும்," என்று எழுந்து இடம் கொடுத்தாள். கச்சிராயபாளையத்தில் வேனை நிறுத்தி அவளுக்கு மட்டும் தனியாகச் சர்க்கரை குறைத்து டீ வாங்கி வந்தார்கள். அவளுக்குச் சர்க்கரை குறைவாக வேண்டும் என்று இவர்களுக்கு எப்போது தெரிந்தது? முன் இருக்கையில் இருந்த சின்னக்கண்ணு ஒரு முறை திரும்பி அவளைப் பார்த்தார். ஏதோ சொல்ல வருவது போல உதடு அசைந்தது. பிறகு சாலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

டீ ஆறிப்போனது. அவள் குடிக்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில் யாரிடமும் கேட்காமல் உட்கார்ந்திருந்தாள்.

ஒன்றிய அலுவலகத்துக்கு முன்னால் போலீஸ் தடுப்பு வைத்திருந்தார்கள். கவுன்சிலர்களை மட்டும் உள்ளே விட்டார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் கூட்டத்தில் அன்புச்செல்வன் நின்றிருந்தான். முகம் சவரம் செய்யாமல் கிடந்தது. அவளைப் பார்த்ததும் கையை உயர்த்தி, உள்ளே போ என்று சைகை காட்டினான். அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தால் இவர் வீட்டை விட்டு இங்கே வந்திருப்பாரா என்று ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. அடுத்த நொடியே, படுத்திருப்பவரை விட்டுவிட்டு எதற்கு இங்கே வந்தார் என்று தோன்றியது.

அரங்கத்தில் பெயர் பெயராக அழைத்தார்கள். அவள் முறை வந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு மறைப்புக்குள் போனாள். இலக்கியாவின் பெயருக்கு எதிரே முத்திரையைக் குத்தி, மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

இலக்கியா ஒரு ஓட்டில் ஜெயித்தாள். வெளியே வெடிச்சத்தம் கேட்டது. மத்தியானம் ரெண்டரை மணிக்கு வைஸ் சேர்மன் தேர்தல், அதுவரை யாரும் வளாகத்தை விட்டுப் போக வேண்டாம் என்று தமிழழகன் சொல்லி அனுப்பினார். வைஸ் முடிந்தால் அடுத்த வாரம் குழுக்கள். ஒன்றிய வேலைகளுக்கு ஆள் எடுக்கும் நியமனக் குழுவில் உறுப்பினர் பதவி ஜெயசுதாவுக்கு என்று பேச்சு. அன்புச்செல்வன் அதைச் சாட்சி வைத்துக் கேட்டு வாங்கியிருந்தான்.

முகம் கழுவக் குழாயடிக்குப் போனாள். அங்கே அஸ்ரப் நிஷா நின்றிருந்தாள். எதிரணிக் கவுன்சிலர். கூட்டுரோட்டில் அவள் கணவர் முகம்மது கவுஸ் இரும்புக்கடை வைத்திருக்கிறார். மண்வெட்டியோ முள்கம்பியோ, ஜெயசுதாவின் அப்பா அங்கேதான் வாங்குவார்.

நிஷா அவளைப் பார்த்துத் திகைத்துப்போனாள்.

"நீ இன்னும் இங்கயா இருக்க? காலைல ஓட்டு முடிஞ்சதும் போய்ட்டிருப்பன்னு நெனச்சேன்."

ஜெயசுதா குழாயை மூடினாள். "எங்க?"

நிஷா அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். அப்புறம் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதப் பாரு. சின்னக்கண்ணுக்குப் பொய் சொல்லி அனுப்புனது எங்க ஆளுங்கதான். நீ இப்ப போனா லாபம் எங்களுக்குத்தான். அதனால நான் சொல்றத நீ நம்ப வேணாம். வெளிய உங்க வூட்டுக்காரர் நிக்கறாரு. அவரு கண்ணப் பாத்து ஒரு தடவ கேளு."

ஜெயசுதா தடுப்புப் பக்கம் பார்த்தாள்.

"எங்க அத்தா மௌத்தானப்ப நான் போய்ச் சேர்றதுக்குள்ள அடக்கம் முடிஞ்சிருச்சி," என்றாள் நிஷா. "மொகத்தப் பாக்கல. நீ போ. ரெண்டரைக்கு நானும் உள்ள போவல. உன் ஓட்டும் இல்ல, என் ஓட்டும் இல்ல. கணக்கு சரியாப் பூடும்."

"உங்க ஆளுங்க உன்ன சும்மா விடுவாங்களா?"

"அத நான் பாத்துக்கறேன்."

ஜெயசுதா தடுப்பை நோக்கி நடந்தாள். நிஷா சொன்னதை நம்பியா போகிறோம், நம்பாமலா என்று அவளுக்கே தெரியவில்லை. அன்புச்செல்வன் அவள் வருவதைப் பார்த்துத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா எப்ப போனாரு?" என்று கேட்டாள்.

அவன் தரையைப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"விடியக்காலைல." தடுப்புக்கு மேலே குனிந்தான். "ஜெயா, ரெண்டரைக்கு முடிஞ்சிரும். ஐஸ் பெட்டி வந்துருச்சி. சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் ஆவாது. இவ்ளோ தூரம் வந்துட்டு இப்ப வுட்டுட்டோம்னா..."

அவள் குனிந்து தடுப்புக்கு அடியில் நுழைந்து வெளியே வந்தாள். பின்னால் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தமிழழகன் குரல்தான். திரும்பிப் பார்க்காமல் சாலையோரமாக நடந்தாள். வெயில் நெற்றிப்பொட்டில் அடித்தது. கொஞ்ச தூரத்தில் பைக் சத்தம் வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றது. அன்புச்செல்வன்தான். அவள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். தோளைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

கரும்பு டிராக்டர்களைத் தாண்டிப் போகும்போது அவன் சட்டைப்பையில் போன் விடாமல் அடித்தது. எடுக்கவில்லை.

"மாமாதான் சொன்னாரு," என்றான், முன்னால் பார்த்தபடி. "நேத்து சாயங்காலமே சொன்னாரு. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் புள்ளைக்குத் தெரிய வேணாம்னு."

அப்பா அப்படிச் சொல்லக்கூடியவர்தான். இவனும் அப்படி ஒன்றை இட்டுக்கட்டிச் சொல்லக்கூடியவன்தான். காற்றில் கண் எரிந்தது.

தெருவில் பந்தல் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. ஜெயசுதா அந்த நாற்காலிகளைப் பார்க்காமல் உள்ளே போனாள். கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா தாடைக்குக் கட்டு கட்டி, கண் மூடிப் படுத்திருந்தார். பிரசாரத்துக்கு வாங்கிய வெள்ளைச் சட்டையைத்தான் போட்டுவிட்டிருந்தார்கள். அம்மா அமிர்தம் தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தாள். அழுது ஓய்ந்திருந்தாள்.

"முடிஞ்சிருச்சா?" என்று கேட்டாள்.

ஜெயசுதாவுக்கு எதைக் கேட்கிறாள் என்று புரியவில்லை. "காலைல போட்டுட்டேம்மா," என்றாள். அதைச் சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. பெட்டியின் மேல் கையை விரித்து வைத்துக்கொண்டு அழுதாள். கண்ணாடி சில்லென்றிருந்தது. அவள் கை இருந்த இடத்தில் மட்டும் ஈரம் படிந்தது.

பந்தலில் ஆண்கள் பேசுவது காதில் விழுந்தது. இன்றைக்கு வைஸ் யாருக்கு, குலுக்கலுக்குப் போனால் என்ன ஆகும், அந்தப் பாய் வீட்டுப் பெண்ணை நம்பி இவள் கிளம்பி வந்துவிட்டாளாமே என்று யாரோ கேட்டார்கள். "மெதுவா பேசுய்யா," என்றது இன்னொரு குரல். அன்புச்செல்வன் பந்தல் காலில் சாய்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். தமிழழகன் கடைசியாக என்ன சொன்னாரென்று அவன் மைத்துனர் ஒருவரிடம் சொல்வதும் கேட்டது.

"வைஸ் போச்சின்னா ஊருக்குள்ள தல காட்டாதன்றாரு. கமிட்டி பேச்சே எடுக்காதன்றாரு."

ஜெயசுதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பார்த்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தாள். ரெண்டரை ஆக இன்னும் கொஞ்ச நேரம்தான். இந்நேரம் நிஷா உள்ளே போயிருப்பாள். போகாமல் எப்படி இருப்பாள்? அவளுக்கும் புருஷன் இருக்கிறார், கடை இருக்கிறது, கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். கண்ணைப் பார்த்துக் கேள் என்றாளே, நான் அவள் கண்ணைப் பார்த்தேனா?

அம்மா அவள் தோளில் சாய்ந்தாள். "கடைசியா தண்ணி கேட்டாரு," என்றாள். "ரெண்டு வாய்தான் குடிச்சாரு. அப்பறம் வேணாம்னு கையக் காட்டுனாரு."

ஜெயசுதா கேட்டுக்கொண்டிருந்தாள். காது பாதி தெருவில் இருந்தது.

தெருமுனையில் ஆட்டோ ஒன்று வந்து நின்றது. பந்தலில் பேச்சு அடங்கியது. நாற்காலிகள் நகர்ந்து வழிவிடும் சத்தம் கேட்டது. கறுப்பு பர்தாவில் ஒரு பெண் குனிந்த தலையோடு வந்து, செருப்பைக் கழற்றி விட்டு வாசலில் நின்றாள். உள்ளே வரலாமா என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

அமிர்தம்தான் முதலில் பார்த்தாள். "இரும்புக்கடைக்காரர் வூட்டம்மா," என்றாள். "வாம்மா."

நிஷா பெட்டிக்கு அருகில் வந்தாள். முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதட்டுக்குள் ஏதோ ஓதினாள். அவள் கையிலிருந்த போன் அதிர ஆரம்பித்தது. திரையில் கணவர் பெயர் தெரிந்தது. ஓய்ந்தது, மறுபடியும் அதிர்ந்தது. அவள் அதைக் கவிழ்த்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். மூடிய கைக்குள்ளேயும் அது அதிர்ந்துகொண்டுதான் இருந்தது.

ஜெயசுதா பாயில் நகர்ந்து இடம் விட்டாள்.