கதவைத் திறப்பவன் வேஷம்

"ஆண்டு விழா நாடகத்துல கோட்டைக் கதவத் தொறந்துவிடுற துரோகி வேஷத்த இந்த வருஷம் உங்க பேரன் கட்டட்டும் சார்."

கேட்டேவிட்டாள் அகல்யா. முகப்பேரில் இந்தப் பள்ளியில் வரலாற்று டீச்சராகச் சேர்ந்த அன்றே பத்மா மிஸ் காதில் போட்டு வைத்திருந்தார்: "தாயே, எத வேணா கேளு. கரெஸ்பாண்டன்ட் வீட்டுப் புள்ளயப் பத்தி மட்டும் வாயத் தொறக்காத."

கரெஸ்பாண்டன்ட் சிவராமன் சிரித்தார். "அபிஷேக் ராஜாம்மா. டிரெஸ்கூட தைச்சாச்சு."

"வருஷா வருஷம் அவன்தான் ராஜா. வருஷா வருஷம் கார்த்திகாதான் துரோகி. இலவச சீட்டுல படிக்கிறதாலயா சார்? பஸ்ஸுல பசங்க அவளுக்கு 'துரோகி'ன்னே பேர் வெச்சிட்டாங்க."

"அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். அவங்கம்மா வெளிய வந்து உக்காந்திருக்காங்க. கார்த்திகாவே ஆசப்பட்டுக் கேட்டு வாங்குன வேஷம்னு ஒரு வார்த்த சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க. நீயும் அண்ணனூர்ப் பக்கந்தானே?"

அண்ணனூர்தான். ரயில் ஷெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. படித்தது ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பள்ளியில். திருநெல்வேலிப் பேச்சும் கோயம்புத்தூர்ப் பேச்சும் அவளுடைய மெட்ராஸ் பாஷையும் ஒரே பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்காரும். அங்கே ஆண்டு விழா நாடகத்துக்கு யாருடைய டிபன் பாக்ஸிலாவது சீட்டுப் போட்டுக் குலுக்குவார்கள். ராஜா சீட்டிலும் எலுமிச்சைச் சாதம் மணக்கும்.

ஏழாம் வகுப்பில் துரோகிச் சீட்டு அவளுக்கு வந்தது. அழுதுகொண்டே மேடை ஏறினாள். ஃபிரிட்ஜ் அட்டையில் செய்த கோட்டைக் கதவு, திறந்தபோது கையோடு பிய்ந்து வந்துவிட்டது. கூட்டத்தில் அம்மா மங்களம் வாய்விட்டுச் சிரித்தது மேடைவரை கேட்டது.

மறுநாள்தான் அசல் கூத்து. துரோகி பெஞ்சுமேல் ஏறி நிற்க வேண்டும், வகுப்பு கேள்வி கேட்கும். முந்தின நாள் மேடையில் ராஜாவாகச் செத்துப்போன முகமது ஆசிக், காதோரம் சாயம்கூடப் போகாமல் எழுந்தான்.

"இன்னாத்துக்குடி தொறந்த? என் கழுத்து போச்சு!"

வாய்க்கு வந்ததைச் சொன்னாள். "பெரிய ஆளு கேட்டான்டா. பயந்துகினு தொறந்துட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. ஆசிக் மோவாயைத் தடவினான். "நானா இருந்தாலும் தொறந்திருப்பேன் போல கீது" என்று உட்கார்ந்தான். தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அடுத்த வருஷம் அவன் கதவைத் திறந்தான், அவள் ராணி. ஒருத்தரையும் யாரும் துரோகி என்று கூப்பிட்டதில்லை. அந்தக் கதவருகே தானும் ஒருநாள் நிற்கவேண்டி வரும் என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. வரலாறு அவளுக்குப் பிடித்துப்போனது அந்த பெஞ்சின்மேல்தான்.

"என்னம்மா யோசன?" என்றார் சிவராமன். "வேணும்னா அந்த சீனையே தூக்கிடலாம். கோட்டை மழையில இடிஞ்சிடுச்சுன்னு வெச்சுக்கோ. பசங்களுக்கு ஹிஸ்டரியில நல்லது மட்டும் சொன்னாப் போதும். நீதி போதனைக்குத்தான் தனி பீரியட் இருக்கே."

"ராஜா கழுத்த மழையா சார் வெட்டுச்சு?"

அவர் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "உங்க வீட்டுல நீதான் மொத டிகிரின்னு சொன்னாங்க. வேல முக்கியம்மா. போய் அந்தம்மாகிட்ட நான் சொன்னதச் சொல்லு."

பெரிய ஆள் கேட்கிறார். பயமாகத்தான் இருந்தது.

"போறேன் சார். ஆனா அவ கேட்டு வாங்கல, நீங்க அவ தலையில கட்டுனீங்கன்னுதான் சொல்லுவேன்."

"சொன்னா நாளைக்கு வர வேணாம்."

"நாளைக்கு இன்னா சார், இப்பவே கெளம்புறேன்."

வேலை போனதைப் பற்றிச் சாயங்காலம் தன் அம்மாவிடம் என்ன சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொள்ளலாம். நாற்காலியைச் சத்தம் வரத் தள்ளிவிட்டு, கார்த்திகாவின் அம்மா உட்கார்ந்திருந்த வராந்தாவை நோக்கி வெளியே நடந்தாள்.