சிரிக்காத போட்டோ

தம்பியின் போனில் விரலைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார் அன்பரசன். ஒரு படத்தில் ராஜ்குமார் ஆறு கைகளோடு ரைஸ் மில்லில் மூட்டை எடை போட்டுக்கொண்டிருந்தான். அடுத்ததில் நாரைமேல் ஏறிக் காவிரியைக் கடந்தான். இன்னொன்றில் மில் முதலாளி தொட்டிலில் படுத்து விரல் சூப்ப, இவன் ஆட்டிவிட்டுக்கொண்டிருந்தான். ஆயிரத்துச் சொச்சம் படங்கள், எல்லாம் அவனே வெட்டி ஒட்டியவை. ஒன்றிலாவது மனுஷன் மனுஷனாக நிற்கக் கூடாதா?

“சிரிக்காத போட்டோ ஒண்ணு வேணுமேம்மா,” என்றார் தம்பி மகள் அபிநயாவிடம். கண்ணீர் அஞ்சலி பேனருக்கு. நாலு மணிக்கு எடுக்கிறார்கள், அதற்குள் வாசலில் கட்டியாக வேண்டும்.

“அப்பா அப்படியெல்லாம் எடுத்துக்கிட்டதே இல்ல பெரியப்பா.” அழுது அழுது அவள் குரல் கம்மியிருந்தது.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் ராஜ்குமார் படுத்திருந்தான். காலையில் மில்லுக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. நாற்பத்துநாலு வயது. பெட்டியோரம் உட்கார்ந்திருந்த பூமிகா, கணவனின் அண்ணன் உள்ளே வந்தபோது ஒருமுறை ஏறிட்டுப் பார்த்ததோடு சரி. சாவு வீட்டில் யாரையும் வாங்க என்று அழைக்கக் கூடாது. அதனால்தான் அழைக்கவில்லை என்று அன்பரசன் நினைத்துக்கொள்ளப் பார்த்தார்.

பேசி மூன்று வருஷமாகிவிட்டது. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையில் அண்ணனின் தலையை ஒட்டி, அண்ணி எது சொன்னாலும் அது ஆடுகிற மாதிரி ஒரு வீடியோ செய்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டான் ராஜ்குமார். எந்தப் புண்ணியவான் தள்ளிவிட்டானோ, அன்பரசன் கணக்கு வாத்தியாராக இருக்கிற பள்ளிக்கூடம்வரை அது போய்விட்டது. அவர் வகுப்புக்குள் நுழைந்தால் நாற்பது தலையும் ஆடும். அன்றைக்கே குழுவிலிருந்து வெளியேறினார். போன வருஷம் தஞ்சாவூரில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்தபோது ஊரையே அழைத்தார், தம்பிக்கு மட்டும் பத்திரிகை போகவில்லை. என்றைக்கிருந்தாலும் பேசத்தானே போகிறோம் என்று இருந்துவிட்டார்.

“இது ஒண்ணு இருக்கு,” என்று அபிநயா எதையோ தேடி எடுத்து நீட்டினாள். வெண்பட்டுச் சட்டையில் கைகூப்பி நின்றான் ராஜ்குமார். நெற்றியில் சந்தனம், சிரிப்பில்லை. கண்ணாடியை அவசரத்தில் தஞ்சாவூரிலேயே விட்டு வந்திருந்த அன்பரசன் அந்த முகத்தைத் தாண்டி வேறெதையும் உற்றுப் பார்க்கவில்லை.

“எங்கம்மா எடுத்தது?”

அவள் தரையைப் பார்த்தாள். “அப்பா போன்ல இருந்துச்சு.”

கும்பகோணம் ரோட்டில் இருந்த பிளெக்ஸ் கடையில், கடைக்காரர் துரைராசு அதைப் பெரிய திரையில் போட்டார். ஆளுயரத்துக்கு விரிந்தது படம்.

“முகம் நல்லா வந்திருக்கு சார். ஆனா இது ஒட்டுன தலை. கழுத்துகிட்ட பாருங்க, நல்லா வேலை தெரிஞ்சவர் யாரோ செஞ்சிருக்காங்க.” படத்தைக் கீழே நகர்த்தினார். “இடது கட்டைவிரல் பாதிதான் இருக்கு. நம்மகிட்ட கோட்டு போட்ட உடம்பு ரெடியா இருக்கு, மாத்திடவா? இறந்தவங்களுக்கு எல்லாம் அதான் போடுறோம்.”

அன்பரசன் தன் இடது கையைத் தோள் துண்டுக்குள் இழுத்துக்கொண்டார். சின்ன வயதில், கழன்ற சைக்கிள் செயினை அவர் மாட்டிக்கொண்டிருந்தபோது ராஜ்குமார் விளையாட்டாகப் பெடலைச் சுற்றிவிட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அழுதது விரல் போனவர் இல்லை, அவன்தான்.

பின்னால் வாழைமரம், மாவிலைத் தோரணம், அவர் பார்த்துப் பார்த்து இழைத்த தேக்கு நிலை. கிரகப்பிரவேசத்தன்று வாசலில் நின்று வருகிறவர்களைக் கும்பிட்டு வரவேற்றாரே, அந்தப் படம். யாராவது ஸ்டேட்டஸில் வைத்திருப்பார்கள். அதை எடுத்துத் தன் தலையை ஒட்டியிருக்கிறான். கேலிக்கா? கேலியென்றால் குழுவில் போடாமல் அவனால் ஒரு நிமிஷம் இருக்க முடியாதே. இதை யாருக்கும் அனுப்பவில்லை, முகத்தில் ஒரு பொட்டுச் சிரிப்பும் வைக்கவில்லை. ஒரு பத்திரிகை, ஒரே ஒரு பத்திரிகை கொடுத்திருக்கலாம்.

“சார், மாத்திடவா?”

“வேணாம். அப்படியே அடிங்க.”

“விரலு?”

“அதுவும் இருக்கட்டும்.”

மூன்று மணிக்கு பேனரை வாசல் பந்தல்காலில் கட்டினார்கள். வருகிறவர்களையெல்லாம் ராஜ்குமார் கும்பிட்டுக்கொண்டிருந்தான். தாராசுரத்திலிருந்து வந்த தியாகேசன் மாமா அதன் முன்னால் நின்றுவிட்டார். செத்துப்போன அம்மாவின் தம்பி, எதையும் சபையில் கேட்டுவிடுகிற மனுஷன்.

“நல்ல படம். இது உன் வீட்டு வாசல்தானடா அன்பு?”

“ஆமா மாமா.”

“அன்னிக்கு முழுக்க நான் அங்கதானே இருந்தேன், பந்தி விசாரிச்சுக்கிட்டு. இவன் வந்திருந்தானா?”

நாற்காலிகளில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். உள்ளே ஐஸ் பெட்டியோரம் பூமிகாவின் தலை நிமிர்ந்தது. அபிநயா நிலைப்படியில் நின்று பெரியப்பாவையே பார்த்தாள்.

அன்பரசன் இடது கையைத் துண்டுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினார்.

“அதானே,” என்று மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

அவர் போன பிறகும் அன்பரசனின் தலை ஆடிக்கொண்டிருந்தது.