கதியாலில் தொங்கிய மேஸ்

1

இந்தக் கதை எனக்குச் சிரிப்புக் கதையாகத்தான் கிடைத்தது.

வவுனியாவிலிருந்து ஓமந்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்த அன்னபாக்கியம் என்ற அம்மாள் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றக் காணிக்கு வந்து வயல் செய்யும் குடும்பம் அவர்களுடையது. நான் வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதுகிறவன் என்று அறிந்ததும், "அப்ப இதை எழுதுங்கோ தம்பி" என்று தொடங்கிவிட்டார். வன்னி வெயிலில் கம்பளி மேஸ்* போட்டுக்கொண்டு திரிந்த அழகம்மா என்ற மலையகப் பெண்ணின் கதை. சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஓரிடத்தில் மட்டும் சிரிப்பு நின்றுவிட்டது. நான் எழுத உட்கார்ந்தது அந்த ஓரிடத்துக்காக.

* காலுறை என்று எழுதினால் பத்திரிகை ஆசிரியர் மகிழ்வார். அழகம்மாவைக் கேட்டால் அது யாருடைய பொருள் என்று திருப்பிக் கேட்பாள்.

2

முதல் தொடக்கம்: "வெயில் கொளுத்தியது. ஆனால் அழகம்மாவின் பாதங்கள் மட்டும்..."

[வேண்டாம். வெயில் கொளுத்துகிற தொடக்கங்களை நிறைய எழுதிவிட்டேன்.]

இரண்டாவது: "அந்த மேஸ், இறந்துபோன அவளுடைய கணவனின்..."

இது விலைபோகும் தொடக்கம். முதல் வாரமே வாசகர்கள் கண்ணைத் துடைப்பார்கள். ஆனால் பொய். அழகம்மாவின் கணவன் செல்வராசா உயிரோடு இருக்கிறான். மேஸ் யாருடைய நினைவுப் பொருளும் அல்ல, சந்தையில் வாங்கியது. அவளுக்குக் கால் குளிர்ந்தது. காரணம் அவ்வளவுதான்.

ஆகவே, நடந்தபடியே சொல்கிறேன். எழுபத்தேழு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீடு எரிந்த பிறகு இருவரும் ஓமந்தைக்கு அப்பால் உள்ள குடியேற்றத்துக்கு வந்தார்கள். அன்னபாக்கியத்தின் கணவர் சிற்றம்பலத்தின் காணியில் குடியிருக்க ஒரு கொட்டில் போட்டுக்கொண்டார்கள். அவனுக்கு வயலில் கூலி வேலை, அவளுக்கு மேட்டுநிலத்து மிளகாய்த் தோட்டத்தில். விடியற்பனியில் கொழுந்து பறித்த நாள்களில் பிடித்த கால்குளிர் அவளோடு மலையிலிருந்து இறங்கி வந்திருந்தது. இரண்டு சோடி மேஸை ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டு, அதன்மேல் ரப்பர் செருப்பு மாட்டுவாள். படுக்கும்போதும் மேஸைக் கழற்றமாட்டாள். குளிருகிற காலை மூடாமல் வேறென்ன செய்வது? மலையில் பிறந்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

3

வந்து இரண்டாவது மாசி மாதம். அறுவடை முடிந்து நெல்லைப் பிரிக்கும் நேரத்தில் செல்வராசா மலேரியாக் காய்ச்சலில் விழுந்தான். களவெட்டியில், அதாவது கதிர் மிதிக்கும் களத்தில், நின்று வேலை செய்கிறவர்களுக்குக் கூலி நெல்லாக அளக்கப்படும். அந்த நெல்தான் அவர்களுக்கு வருடச் சாப்பாடு. அது இல்லையென்றால் கொட்டிலை விட்டு வேறெங்காவது போகவேண்டியதுதான்.

புருசனுக்குப் பதிலாக அழகம்மா இறங்கலாம் என்றார் சிற்றம்பலம். தடை ஒன்றே ஒன்று. காலில் எதையும் போட்டுக்கொண்டு களவெட்டிக்குள் இறங்கக் கூடாது. குவிந்து கிடக்கும் நெல்லுக்குச் செய்யும் மரியாதை அது. சிற்றம்பலம் தன் சொந்த மைத்துனனையே செருப்புக்காக வெளியே நிறுத்தியவர்.

செய்தியைச் சொல்ல அன்னபாக்கியம் கொட்டிலுக்குப் போனார்.

"மேஸைக் கழட்டிப்போட்டு வாடி."

"கழட்டினா காலு மரத்துப் போயிருதுங்கம்மா. எங்க வைக்கிறேன்னே தெரியாது."

"மண்ணில முட்டை வைச்சா அவியுற வெயில். உனக்குக் கால் விறைக்குதோ? உங்கட மலையை மூட்டை கட்டிக்கொண்டே வந்தனீ?"

"ஆமாங்க. வேற எதையும் எடுக்க விடலியே."

இதுவரை அன்னபாக்கியம் பஸ்ஸில் சிரித்தார்.

பொய்யைக் கையோடு பிடித்துவிடும் வேகத்தில் அவர் குனிந்து, ஒரு காலின் மேஸ்களை இழுத்துக் கழற்றி, பாதத்தைப் பிடித்திருக்கிறார்.

(இங்கே கதையைச் சற்று நிறுத்த வேண்டும். அந்தக் குடியேற்றத்தில் காணிக்காரியும் மலையகக் கூலிக்காரியும் ஒரே குவளையில் தேத்தண்ணி குடித்ததில்லை. தோட்டக்காட்டார் என்ற ஏளனச் சொல்லை எல்லோரும் சாதாரணமாகச் சொன்னார்கள். அன்னபாக்கியமும் சொன்னவர். இப்போது அவர் மண்ணில் குந்தியிருக்கிறார், அந்தக் கால் அவர் கையில் இருக்கிறது.)

பஸ்ஸில் அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"கிணத்துக்குள்ள கையை விட்ட மாதிரி இருந்தது, தம்பி. மேஸும் பிழிஞ்சா வடியும், அவ்வளவு வேர்வை. ஈரத்துணியால இரவு பகலாச் சுத்தி வைச்சிருக்கிறாள். அந்தக் கால் எப்பிடிச் சுடும்?"

பிறகு ஓமந்தை வரும்வரை அவர் பேசவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். பேசினார். மீதிக் கதையையும் சொன்னார். மெதுவாகச் சொன்னார்.

4

மேஸ்களை வேலியில் நட்டிருந்த கதியால் கம்பில் தொங்கவிட்டு, அழகம்மா களவெட்டிக்குள் இறங்கினாள். முதலில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. வைக்கோல் தாள் குத்திக் குதிகாலில் இரத்தம் வந்ததை, பின்னால் நின்ற பெண் சொல்லித்தான் பார்த்தாள். உழவு இயந்திரம் கதிர்களின்மேல் சுற்றிச் சுற்றி வந்தது. பெண்கள் வைக்கோலை உதறி ஒதுக்கினார்கள். வெயில் ஏறி, மண் காய்ந்தது.

மத்தியானம் ஆகும்போது அவள் அப்படியே குந்தி, இரண்டு பாதங்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தேள் கடித்துவிட்டதென்று எல்லோரும் ஓடிவந்தார்கள்.

"சுடுதுங்க" என்றாள். பிறகு அழுதாள்.

["கால் சுட்ட அந்தக் கணத்தில், இனி மலைக்குத் திரும்பப்போவதில்லை என்று அவளுக்கு..." அடித்துவிட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு வசதி.]

எழுந்து, பின்னேரம் வரை வேலை செய்தாள். செல்வராசாவுக்கு வரவேண்டிய நெல் குறையாமல் அளக்கப்பட்டது. கதியாலில் மேஸ் நன்றாகக் காய்ந்திருந்தது.

5

இனி முடிவு.

மேஸை அங்கேயே விட்டுவிட்டு அவள் வெறுங்காலோடு நடந்தாள் என்று முடிக்கலாம். ஆசிரியர் படம் போட்டு வெளியிடுவார்.

எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்றும் முடிக்கலாம். வருடக்கணக்கான பழக்கம் ஒரு மத்தியானத்தில் போகுமா என்ன?

அல்லது எடுத்து, போடாமல், தகரப் பெட்டியின் அடியில் வைத்தாள். மலைக்குத் திரும்பினால் வேண்டுமே. இப்படி எழுதினால் அவள் இன்னும் காத்திருக்கிறாள் என்று ஆகிவிடும். அதை எழுத எனக்குக் கை வரவில்லை.

எது நடந்தது என்று அன்னபாக்கியத்துக்குத் தெரியாது. நெல் அளக்கிற நேரத்தில் கதியாலை யார் பார்த்தது என்று கேட்டார்.

6

குண்டுச் சத்தத்தில் அந்தக் குடியேற்றம் ஒருமுறை கலைந்தபோது அழகம்மா குடும்பம் மாங்குளத்துப் பக்கம் போயிருந்தது. விசாரித்துப் போனேன். செல்வராசா நான் உட்காரக் கதிரை ஒன்றை எடுத்துப் போட்டான். அழகம்மா நிலத்தில், காலைச் சேலைக்குள் மடித்து உட்கார்ந்திருந்தாள். விரல் நுனிகூடத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை. ஒரு பெண்ணிடம் காலைக் காட்டச் சொல்லும் உரிமை தொடர்கதைக்காரனுக்குக் கிடையாது.

உங்கள் காலைப் பற்றித்தான் எழுதுகிறேன் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

"கதையில நாங்க திரும்பிப் போறோமாங்க?"

"இன்னும் எழுதேல்லை."

சேலை நுனியைக் காலுக்கடியில் இழுத்துவிட்டாள்.

"அதை உங்க இஷ்டப்படி எழுதுங்க. எங்க போனாலும் காலு மட்டும் குளிராம பாத்துக்கங்க."

7

முடிவை நான் எழுதப்போவதில்லை. இந்த இடத்தில் உங்களிடம் தருகிறேன்.

பின்னேரம். நெல்லை அளந்தாகிவிட்டது. காய்ந்த மேஸ் கதியாலில் தொங்குகிறது. வெறுங்காலோடு அழகம்மா வேலியை நோக்கி வருகிறாள். பாதங்கள் இன்னும் சுடுகின்றன. அவளை எங்கே அனுப்பினாலும், அவள் கேட்டதை மட்டும் மறக்காதீர்கள்.

யோசிக்க அதிக நேரமில்லை. மண் ஆறிக்கொண்டிருக்கிறது.